தலையெழுத்தை எழுதிய கை

அஸ்தினாபுரம் என்பது எங்கள் ஊரின் பெயர். குரோம்பேட்டைப் புகைவண்டி நிலையத்துக்குக் கிழக்கே, தாம்பரத்தின் அண்டையில், காலையில் கூட்டத்தோடு கூட்டமாக வேலைக்கு ஓடி, இரவில் களைத்துத் திரும்பும் எளிய மக்கள் வாழும் ஊர். ஆயினும் பெயர் என்னவோ பாரதக் கதையின் தலைநகர்! பெயரைச் சொன்னதும், "பாண்டவர்கள் சுகந்தானா?" என்று கேலி பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு.

பாண்டவர் காடேகிய கதையை அறியாதார் யார்? அண்ணன் சூதாடினான்; நாட்டை வைத்தான்; தம்பியரை வைத்தான்; கட்டிய மனைவியையும் வைத்தான்; தோற்றான். 12 ஆண்டு காட்டிலும் ஓராண்டு மறைவிலும் கழிக்க வேண்டியதாயிற்று. அந்த 13 ஆண்டுத் துன்பத்துக்காக நம் மக்கள் கூத்து மேடைகளின் முன் விடிய விடியக் கண் விழித்திருக்கிறார்கள், கண்ணீர் வடித்திருக்கிறார்கள். சூதாடி நாடிழந்தவனுக்குச் சிந்திய கண்ணீரைக் குறை கூற வரவில்லை நான். ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன், தோழர்களே! 1802-ஆம் ஆண்டு, தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து, நம் மண்ணின் மக்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனரே, அவர்களுக்காக எந்த மேடையில் கூத்து நடந்தது? எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொன்னாள்?

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவன் இருந்தான். வயது 15. பெயர் துரைசாமி. சிவகங்கைச் சீமையின் ஆட்சியைத் தாங்கி நின்ற மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் மகன். அவன் வாழ்வைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தேடும் வழியில், அவனைப் போலக் கடல் கடத்தப்பட்டு, அவனளவு பெயரும் பெறாது மறைந்த ஆயிரமாயிரம் பேரையும் நாம் காண்போம்.

போர் மூண்ட விதம் நாம் அறிந்ததே. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட அவர் தம்பி ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. மே திங்களில் மீண்டும் வீழ்ந்தது. தப்பி வந்த ஊமைத்துரைக்கு மருது சகோதரர் புகலிடம் தந்தனர். தஞ்சமென்று வந்தவனைக் காட்டிக் கொடுக்க மறுத்ததுதான் கும்பினியார் கண்ணில் அவர்கள் செய்த பெருங்குற்றம்! 1801 சூன் 16-இல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஒரு குலத்தாரை மட்டும் அழைத்த அறிக்கையன்று அது. எல்லாச் சாதியாரையும், முசுலிம்களையும் சேர்த்து விளித்து, அந்நியனை எதிர்க்க எழுமாறு அழைத்த அறிக்கை. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

தந்தைக்குத் தூக்கு, தனயனுக்குத் தீவாந்தரம்!

தீவாந்தரம் என்பது அந்நாளைய வழக்குமன்றச் சொல். கடலுக்கு அப்பால் ஒரு தீவில் கொண்டுபோய் விட்டு, ஊரையும் உறவையும் மீண்டும் காணவொட்டாமல் செய்யும் தண்டனைக்கு அப்பெயர். துரைசாமி செய்த குற்றந்தான் என்ன? சின்ன மருதுவின் மகனாகப் பிறந்தான். அது போதுமாயிருந்தது. 1802 பிப்ரவரியில் 'அட்மிரல் நெல்சன்' என்னும் கப்பலில் அவனும் மற்றையோரும் ஏற்றப்பட்டனர். இரண்டு திங்களுக்கு மேல் கடலில் கிடந்து, ஏப்ரலில் அந்தக் கப்பல் பினாங்குத் தீவை அடைந்தது. கும்பினியார் 1786-இல் கெடா நாட்டு மன்னனிடமிருந்து பெற்று, வேல்ஸ் இளவரசர் தீவு என்று புதுப்பெயர் சூட்டி வைத்திருந்த இடம் அது.

கப்பலில் இருந்தவர் யார் யார்? சிவகங்கையின் அரசராயிருந்த வேங்கம் பெரிய உடையத் தேவர் இருந்தார். வாராப்பூர்ப் பாளையத்துப் பொம்ம நாயக்கர் இருந்தார். இராமநாதபுரத்துச் செகநாத ஐயன் இருந்தார். தேவரும் நாயக்கரும் ஐயனும் ஒரே கப்பலின் அடித்தட்டில், ஒரே நீரைக் குடித்து, ஒரே காற்றை மூச்சிழுத்துச் சென்றனர். இன்று அந்த வீரர்களை ஒவ்வொரு சாதியாரும் தத்தம் வீட்டுச் சொத்தாகப் பங்கு பிரித்துக்கொண்டு விழா எடுக்கின்றனர். பிடித்து ஏற்றியவன் பிரித்துப் பார்க்கவில்லை. போற்ற வந்தவன் பிரிக்கிறான்! இதனினும் பெரிய இழிவை அந்தத் தியாகிகளுக்கு யார் செய்ய முடியும்?

வேங்கம் பெரிய உடையத் தேவர் பினாங்கிலிருந்தும் அகற்றப்பட்டு, சுமத்திராத் தீவின் பென்கூலனில் கும்பினியார் வைத்திருந்த மார்ல்பரோ கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1802-ஆம் ஆண்டிலேயே அங்கு மாண்டார். அரசராய்ப் பிறந்தவருக்கு அந்நிய மண்ணில் ஆறடி!

துரைசாமி என்னவானான்? அதைச் சொல்வது அவன் உறவினர் எவருமல்லர். அவன் தந்தையை எதிர்த்துப் போரிட்ட படையிலே இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி சொல்கிறார். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். சென்னைப் படையில் பணியாற்றியவர். போருக்கு முந்திய நட்பு நாட்களில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொடுத்த கையே பின்னர்த் தூக்குக் கயிற்றின்கீழ்த் துவண்டதைக் கண்ட காலத்தவர். சிறுவன் துரைசாமி கப்பலேறும் முன் தூத்துக்குடியில் இவருடைய காவலில்தான் இருந்தான். இயன்ற அளவு அவன் துன்பத்தைக் குறைத்ததாக வெல்ஷ் எழுதுகிறார்.

பதினாறு ஆண்டுகள் உருண்டோடின. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே, தளர்ந்து கூனிய கிழவன் போன்ற ஒருவன் அவரைத் தேடி வந்தான். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. வந்தவன் தன் பெயரைச் சொன்னான்: துரைசாமி! கணக்கிட்டுப் பாருங்கள், தோழர்களே. அவனுக்கு அப்போது முப்பது வயதைச் சற்றே கடந்த பருவம். முப்பது வயதினன் முதியவனாய் நின்றான். அந்தப் பெயர் தம் நெஞ்சில் கத்தியாய்ப் பாய்ந்ததாக வெல்ஷ் குறிப்பிடுகிறார்.

துரைசாமி விடுதலை கேட்டானா? பொன் கேட்டானா? இல்லை. ஊரில் எஞ்சியிருக்கும் தன் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்டான். கைதிகளிடமிருந்து கடிதம் வாங்கலாகாது என்பது கட்டளை. வெல்ஷால் வாங்க முடியவில்லை. 1830-இல் இலண்டனில் வெளிவந்த தம் படைவாழ்வு நினைவுகளில் அவர் இதைப் பதிந்து வைத்தார். அந்தப் பக்கம் இல்லையேல், துரைசாமியின் அந்த முகம் நமக்குக் கிட்டியிராது.

ஏற்கப்படாத அந்தக் கடிதத்தை எண்ணிப் பாருங்கள்! ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான். அவனுக்கு உறவினர் உண்டு. இடையிலே இருப்பது கடல் மட்டுமா? ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது. கடலைக் காற்று கடத்திவிடும். கையெழுத்தைக் கடப்பதற்குத்தான் வழியில்லை.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். பினாங்குக்கு எதிர்க்கரையில் கிடக்கும் கெடா நாடுதான் நம் பழைய கடாரம். 1025-ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கப்பற்படை சென்று வென்ற கடாரம். 'கடாரம் கொண்டான்' என்று அவனைக் கல்வெட்டுகள் பாராட்டுகின்றன. நாமும் மேடைதோறும் மார் தட்டுகிறோம். அதே கடல் வழியில் ஏறத்தாழ 777 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தமிழ்ச் சிறுவன் கைதியாகச் சென்றான். கொண்டவனுக்குக் கல்வெட்டு, கொண்டு செல்லப்பட்டவனுக்கு மறதி! வெற்றியை மட்டும் வரலாறு என்று எண்ணும் இனம், தான் எங்கே எப்படி வீழ்ந்தது என்பதை அறியாமலே போய்விடும்.

கடாரம் கொண்ட அதே நாட்டிலேதான், கடல் கடந்தால் சாதி போகும் என்ற சாத்திரமும் உலவிற்று. கடற்பயணத்தைச் சாதி நீக்கத்துக்குரிய பாவமாகப் பௌதாயன தர்மசூத்திரம் பட்டியலிடுகிறது. இந்த அச்சத்தை வெள்ளையன் நன்றாகப் புரிந்துகொண்டான். தூக்குக் கயிற்றுக்கு அஞ்சாதவனும் 'கறுப்புத் தண்ணீர்' என்றால் அஞ்சுவான் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். கும்பினி செய்தது விலங்கு; அதற்குப் பூட்டுச் செய்து கொடுத்தது நம் வைதிகம்! போனவன் திரும்பி வந்தாலும் வாசற்படியில் வைத்தே அவனை விலக்கக் காத்திருந்தது சாதிக் கட்டு. ஆகவே, பல வீடுகளில் அவன் பெயரையே எடுக்காமல் விட்டனர். எடுக்காத பெயர் இரண்டு தலைமுறையில் மறைந்தது.

துரைசாமியாவது தலைவன் வீட்டுப் பிள்ளை. பெயரற்ற மற்றையோர்?

பினாங்கிலும் பென்கூலனிலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தியக் கைதிகளைக் குவிக்கத் தொடங்கிவிட்டனர். 1824-இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பென்கூலன் கைமாறிற்று. அங்கிருந்த கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரல் 18-இல் முதற் கூட்டம் வந்து இறங்கிற்று. அதில் இருந்த 80 பேரும் சென்னை மாகாணத்தார். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். 1873-இல் சிங்கப்பூர்க் கைதிநிலையம் மூடப்படும் வரை, சதுப்பைத் தூர்த்தவர்கள், சாலை போட்டவர்கள், செங்கல் சுட்டவர்கள், கல் உடைத்தவர்கள் இந்தக் கைதிகளே. ஊருக்குள் புலி நடமாடிய நாளில் புலி வேட்டைக்கும் இவர்களையே அனுப்பினர்.

சிங்கப்பூரின் புனித ஆந்திரேயர் பேராலயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1856-இல் அடிக்கல் நாட்டி, 1861-இல் முதல் வழிபாடு நடத்தினர். வெண்பளிங்கோ என்று வியக்க வைக்கும் அதன் சுவர்களின் பூச்சுக்குச் 'சென்னைச் சுண்ணம்' என்று பெயர். கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவர். நம் செட்டிநாட்டு வீடுகளில் கைவைத்துப் பார்த்துக் குளிர்ச்சி கண்டு மகிழ்கிறோமே, அதே குடும்பத்துக் கலைதான்! கட்டடத்தின் பொறியாளராக மக்பெர்சன் என்ற படை அதிகாரியின் பெயர் நிற்கிறது. சுண்ணம் அரைத்த கையின் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை.

இவர்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று நான் கூறவில்லை. கொலை செய்தவர் இருந்தனர், கொள்ளையடித்தவர் இருந்தனர், வயிற்றுப் பசிக்குத் திருடியவரும் இருந்தனர். அவர்களையெல்லாம் வீரர்களாக்கி மாலை சூட்ட வேண்டியதில்லை. மனிதர்களாக்கிப் பதிந்தால் போதும்.

இனி, இக்கட்டுரைக்குத் தலைப்பைத் தந்த செய்திக்கு வருகிறேன்.

"எல்லாம் அவன் தலையெழுத்து" என்று சொல்லாத வாய் உண்டா நம் நாட்டில்? பிரமன் மண்டை ஓட்டில் எழுதிவிட்டானாம். அதை யாரும் அழிக்க முடியாதாம்! தோழர்களே, நெற்றியில் எழுத்து எழுதப்பட்ட மனிதர்கள் உண்மையிலேயே இருந்தனர். 1797-இல் வங்காளத்திலும், தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் கும்பினியார் சட்டம் செய்தனர். ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தையும் பிறவற்றையும் அவரவர் நாட்டு எழுத்திலேயே பச்சை குத்தினர். ஊசியும் மையும் கொண்டு எழுதிய தலையெழுத்து! தப்பி ஓடினாலும் நெற்றி காட்டிக் கொடுக்கும். தண்டனைக் காலத்தில் திருந்தி உழைத்தாலும் நெற்றி விடாது. தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டி அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு நடமாடினர் அந்த மனிதர்கள். 1849-இல் அந்த வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நன்றாகக் கவனியுங்கள். எழுதியது மனிதன் கை. எழுதச் சொன்னது மனிதன் செய்த சட்டம். எழுத்தை நிறுத்தியதும் மனிதன் செய்த இன்னொரு சட்டம். இந்த மூன்று இடத்திலும் பிரமனைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை! துரைசாமியின் பதினாறு ஆண்டும் அவ்வாறே. அவனைத் தீவுக்கு அனுப்பிய ஆணை ஓர் அலுவலகத்தில், ஒரு மேசைமீது, ஒரு பேனாவால் எழுதப்பட்டது. விதி என்று பெயரிட்டால் எழுதியவன் தப்பித்துக்கொள்கிறான். அதனால்தான் எழுதியவர்களுக்கு விதி என்ற சொல் எப்போதும் இனிக்கிறது.

நான் பள்ளி ஆசிரியன். ஒருமுறை வகுப்பில், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அவரவர் குடிவழியை எழுதி வருமாறு மாணவர்களிடம் கூறினேன். வந்த தாள்களில் பாட்டன் மணியக்காரர், பூட்டன் நிலக்கிழார், அவருக்கும் முன்னே இருந்தவர் அரசர் படையில் தளபதி! நாற்பது தாளில் ஒரு தாளிலேனும் ஒரு கூலியாள் இல்லை, ஒரு கைதி இல்லை. மாணவர்மீது தவறில்லை. பெருமையை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்து, உண்மையைப் பெட்டியிலிட்டுப் பூட்டுவது பெரியவர்கள் பழக்கம். சாதிப் பெருமை என்னும் மாளிகையே இப்படிப் பூட்டிய பெட்டிகளின் மேல்தான் நிற்கிறது. எல்லாருடைய பாட்டன்மாரும் தளபதிகள் என்றால், கல் சுமந்தவர் யாருடைய பாட்டன்? கப்பலேறியவர் யாருடைய பூட்டன்?

பெட்டியைத் திறக்க வழி இருக்கிறது. குரோம்பேட்டையில் மின்தொடர் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். நிலையத்துக்கு எதிரே, செந்நிறக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கும்பினியின் படைத்துறை, நீதித்துறை, வருவாய்த்துறை ஏடுகள் அங்கே அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. கைதிகளை அனுப்பியபோது, பெயர், வயது, உயரம், உடலின் அடையாளம், சாதி, குற்றம், தண்டனை என்று பட்டியல் எழுதியே அனுப்பினர். மறுகரையில் இறக்கியவர்களும் எழுதி வைத்தனர்; அந்த ஏடுகள் சிங்கப்பூர்க் காப்பகத்திலும் இலண்டனிலும் பேணப்படுகின்றன. தேடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: நம் பெயர்களை ஆங்கிலேயன் தன் காதுக்குப் பட்டபடியெல்லாம் எழுதினான். மருது ஓரிடத்தில் 'முர்டூ' ஆவார். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், ஊரையும் ஆண்டையும் துணைகொண்டு தேட வேண்டும். வீட்டில் முதியவர் எவரேனும், "நம் ஆள் ஒருவர் தீவுக்குப் போனார்" என்று சொன்னால், வாயடைக்காமல் கேட்டு, சொன்ன நாளோடு குறித்து வைக்க வேண்டும். அந்த ஒற்றை வரி ஓர் ஏட்டுக் கட்டையே திறக்கும் சாவியாகலாம்.

தீவாந்தரத் தண்டனை அண்மைக்காலம் வரை நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1955-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தத்தால்தான் அந்தச் சொல் நீங்கி, ஆயுள் சிறை என்பது அவ்விடத்தில் ஏறிற்று. வெள்ளையன் போய் எட்டாண்டு கழிந்தபின் அந்தச் சொல் போயிற்று! சட்டத்திலிருந்து போன தீவாந்தரம் நம் நெஞ்சிலிருந்து போய்விட்டதா? சிறை சென்று மீண்டவனுக்கு வீடு தர மறுக்கிறோம். வேலை தர மறுக்கிறோம். அவன் மகளுக்கு மணம் பேச மறுக்கிறோம். தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளையைத் தீவுக்கு அனுப்பியது கும்பினி. அதே வேலையை ஊருக்குள் வைத்தே செய்கிறோம் நாம். எங்கள் தெருக்களிலும் அத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியில் கடைசிப் பெஞ்சியில் ஒடுங்கி உட்காருகிறார்கள். அவர்கள் நெற்றியில் ஊசி குத்திய மை இல்லை. ஆனால் ஊராரின் கண் அங்கே எதையோ நாள்தோறும் எழுதுகிறது. "உங்கப்பன் எங்கே?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை தலை குனிகிறதே, அந்த நேரத்தில் துரைசாமியின் கப்பல் மறுபடியும் புறப்படுகிறது.

அந்தக் கப்பலைத் தடுக்கச் சேனை வேண்டியதில்லை. பழைய ஏட்டைப் புரட்டும் பொறுமையும், கண்டதை மறைக்காது சொல்லும் துணிவும், கடைசிப் பெஞ்சிப் பிள்ளையை முதல் பெஞ்சிக்கு அழைக்கும் நெஞ்சும் வேண்டும். இளைஞர்களே, இந்த மூன்றும் உங்களிடம் உண்டு. 1818-இல் வாங்கப்படாத கடிதம் ஒன்று பினாங்கில் நின்றுவிட்டது. அதை எழுதவும் இயலாதுபோன ஒருவனுக்காக, நம் குடும்பங்களில் மறைக்கப்பட்ட பெயர்களை எழுதத் தொடங்குங்கள். எழுதும் கை இனி நம்முடையதாகட்டும்!